பல்பு இல்லாத நட்சத்திரம்

சோசாம்மா: நான் புடிக்க மாட்டேன்.

யோஹன்னான்: ஏணியத்தானே புடிக்கச் சொல்றேன்? பாம்பையா புடிக்கச் சொல்றேன்?

சோசாம்மா: பாம்புன்னா புடிச்சிருப்பேன்.

யோஹன்னான்: சோசே... இருட்டறதுக்கு முன்னாடி அந்த நட்சத்திரம் கீழ இறங்கணும்.

சோசாம்மா: இறக்குங்க அச்சாயா. அந்த முட்டு வலியோட கேட்டுக்கிட்ட நிக்கற ஜாதிக்கா மரத்துல ஏறி, நீங்களும் நட்சத்திரமும் சேந்தே இறங்குங்க. நான் இங்க நின்னு வேடிக்கை பாக்கறேன்.

யோஹன்னான்: விளையாட்டு இல்லடி இது. சபை மூப்பர் வீட்டு கேட்டுல கிறிஸ்மஸ் நட்சத்திரம்! அதுவும் சிவப்பு! திருவல்லா பஸ்ல போறவன் ஜன்னல் வழியா பாத்தாலே தெரியும்.

சோசாம்மா: பஸ்ல போறவனுக்குத் தெரிஞ்சது உங்களுக்குக் காலையிலயே தெரியுமே. பேப்பர் எடுக்கக் கேட்டுக்குப் போனீங்கள்ல?

யோஹன்னான்: நான் பாக்கல.

சோசாம்மா: பாத்தீங்க. சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து நான் உங்களப் பாத்தேன். அண்ணாந்து நின்னீங்க. பேப்பர் நழுவி விழுந்தது கூடத் தெரியல. அப்புறம் பொறுக்கிட்டு வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி புட்டும் கடலையும் கேட்டீங்க.

யோஹன்னான்: பசி.

சோசாம்மா: மத்தியானமும் போய் நின்னீங்க.

யோஹன்னான்: தபால் வந்துதான்னு...

சோசாம்மா: தபால்காரர் அதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயாச்சு. உங்க கையிலதான் குடுத்தாரு.

யோஹன்னான்: இப்ப உனக்கு என்ன வேணும்?

சோசாம்மா: பகல் பூரா தொங்கவிட்டுட்டு இப்ப எதுக்குக் கழட்டணும்? அதச் சொல்லுங்க.

யோஹன்னான்: முதல்ல நீ சொல்லு. யார் கட்டினது?

சோசாம்மா: யார் கட்டினா என்ன?

யோஹன்னான்: நீதான? வாயத் தொற.

சோசாம்மா: சரி, நான்தான். நான்தான் கட்டினேன். போதுமா? என்ன செய்யப் போறீங்க? சபையில எழுந்து நின்னு என் பேரையும் வாசிக்கப் போறீங்களா?

யோஹன்னான்: என் பேரை'யும்'னு எதுக்கு இழுக்கற?

சோசாம்மா: இழுத்தா வலிக்குதுல்ல? வலிக்கட்டும்.

யோஹன்னான்: இங்க பாரு. நீ தெரியாதவ இல்ல. டிசம்பர் இருபத்தஞ்சுன்னு வேதத்துல எங்க இருக்கு? மத்தேயுல இருக்கா, லூக்காவுல இருக்கா?

சோசாம்மா: இல்ல.

யோஹன்னான்: நடுங்கற குளிர்ல எந்த மேய்ப்பன் ராத்திரி முழுக்க மந்தையோட வெளிய கிடப்பான்?

சோசாம்மா: கிடக்க மாட்டான்.

யோஹன்னான்: ரோமாக்காரன் சூரியனுக்கு எடுத்த திருவிழா அது. வேஷத்த மாத்தி உள்ள கொண்டு வந்துட்டாங்க. அதத்தான நான்...

சோசாம்மா: ...துண்டுப்பிரதியில எழுதியிருக்கீங்க. 'இருபத்தஞ்சாம் தேதி யாருடைய பிறந்தநாள்?' அச்சுப்பிழை பாத்தது யாரு? நானு. எனக்கு மனப்பாடம். இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. நம்ம சபையில அப்பம் பிட்கிறது என்னிக்கு?

யோஹன்னான்: ஞாயித்துக்கிழமை.

சோசாம்மா: ஞாயிறுன்னா யாரு? சொல்லுங்க மூப்பரே.

யோஹன்னான்: சூரியன்.

சோசாம்மா: ஆக, வாராவாரம் சூரியன் நாள்ல கூடலாம். வருஷத்துல ஒரு நாள் மட்டும் தீட்டு.

யோஹன்னான்: அது கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள். வாரத்தின் முதல் நாள்னு வேதத்துல தெளிவா இருக்கு. பேரு மட்டும் யாரோ வச்சது.

சோசாம்மா: ஆத்துக்கு அக்கரையில இருக்கற சுறியானிச் சபைக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. நாள் யாரோ வச்சது, கும்பிடறது அவரைத்தான்னு.

யோஹன்னான்: ரெண்டும் ஒண்ணில்ல.

சோசாம்மா: போகட்டும். அந்த ரோமாக்காரன் கதையாவது உறுதியா? படிச்சவங்களே ரெண்டு விதமா எழுதறாங்கன்னு நீங்கதான் ஒரு நாள் சொன்னீங்க. பிரதியில மட்டும் அது வரவே இல்ல.

யோஹன்னான்: பிரதி நாலு பக்கம். எல்லாத்தையும் எழுத முடியாது.

சோசாம்மா: தோதானத எழுத மட்டும் எடம் இருந்தது.

யோஹன்னான்: எரேமியா பத்தாம் அதிகாரம் எடுத்துப் பாரு. மரத்த வெட்டி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கறது புறஜாதிகளோட வழக்கம்னு...

சோசாம்மா: யாரு மரத்த வெட்டினா? ஜாதிக்கா மரம் அது பாட்டுக்கு நிக்குது.

யோஹன்னான்: சிரிக்காத.

சோசாம்மா: நீங்கதான் சிரிக்கறீங்க. மீசை ஆடுது.

யோஹன்னான்: நட்சத்திரம்னு ஒண்ணத் தொங்கவிடணும்னு கர்த்தர் சொன்னாரா?

சோசாம்மா: சொல்லல. ஆனா நட்சத்திரத்தப் பாத்து அவரத் தேடி வந்தது யாரு? கிழக்குலேர்ந்து வந்த சாஸ்திரிங்க. வானத்தப் பாத்துக் குறி சொல்றவங்க. அசல் புறஜாதி. எருசலேம்ல இருந்த மூப்பருங்கல்லாம் வீட்டுல தூங்கினாங்க.

யோஹன்னான்: மூப்பருங்கள எதுக்கு இழுக்கற?

சோசாம்மா: சும்மா. ஞாபகம் வந்தது. நாளைக்குப் புறஜாதித் திருநாள்னா நம்ம சபையில என்ன?

யோஹன்னான்: பொதுக்கூட்டம்.

சோசாம்மா: அப்புறம்?

யோஹன்னான்: ...சாப்பாடு.

சோசாம்மா: கப்பைக்கிழங்கும் மாட்டுக்கறியும். புதுச் சட்டை போட்டுக்கிட்டு எல்லாரும் வருவாங்க. 'லீவு நாளு, அதனால'ன்னு உங்க கூட மூப்பரா இருக்கற ஸ்கறியாச்சன் வருஷா வருஷம் விளக்கம் சொல்லுவாரு.

யோஹன்னான்: லீவு நாளு, அதனாலதான்.

சோசாம்மா: சரி, அதனாலதான்.

யோஹன்னான்: இதக் கேளு சோசே. கர்த்தர் தன்னோட மரணத்த நினைக்கச் சொன்னாரு. அப்பத்தப் பிட்டு, இதச் செய்யுங்கன்னாரு. பிறந்தத நினைக்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்ல.

சோசாம்மா: ஏன் சொல்லணும்? பெத்தவ இருந்தாளே. பெத்தவளுக்கு அந்த நாள யாராவது ஞாபகப்படுத்தணுமா?

யோஹன்னான்: நீ இப்ப மரியாளப் பத்திப் பேசல.

சோசாம்மா: இல்ல. பெர்சிஸப் பத்திப் பேசறேன். உங்க மக பேரச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு இந்த வீட்டுல. இன்னிக்கு நான் சொல்றேன். பெர்சிஸ். பெர்சிஸ்.

யோஹன்னான்: போதும்.

சோசாம்மா: அக்கரைப் பையனக் கட்டிக்கிட்டா. அவங்க தேவாலயத்துல, தாலி கட்டி. நம்ம முறைப்படி இல்ல, தப்புன்னே வச்சுக்கோங்க. அன்னிக்கு இதே கேட்டுல நின்னு நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?

யோஹன்னான்: ஞாபகம் இல்ல.

சோசாம்மா: எனக்கு இருக்கு. 'நட்சத்திரம் தொங்கற வீட்டுக்குத்தானே போற? போ. இந்த வீட்டுல என்னிக்கு நட்சத்திரம் தொங்குதோ, அன்னிக்கு உள்ள வா.' அதாவது, எந்த ஜென்மத்துலயும் வராதன்னு.

யோஹன்னான்: கோவத்துல...

சோசாம்மா: கோவத்துல சொன்னா அவளுக்குக் காது கேக்காதா? அப்பன் பொண்ணு. சொன்னா சொன்னதுதான். அந்தக் கேட்டத் தாண்டல அவ. எனக்குத் தோள்பட்டை புடிச்சு ஆஸ்பத்திரில கிடந்தப்ப அங்க வந்தா, தலை சீவிவிட்டா, ஊட்டிவிட்டா. வீட்டுக்கு வாடின்னா மட்டும் தலைய ஆட்டினா.

யோஹன்னான்: அவ ஆஸ்பத்திரிக்கு வந்தாளா?

சோசாம்மா: நீங்க கான்டீனுக்குப் போற நேரமாப் பாத்து வந்தா.

யோஹன்னான்: எங்கிட்டச் சொல்லல.

சோசாம்மா: கேட்டீங்களா? போன வருஷம் இதே நாள். அக்கரை கரோல் கூட்டம் இந்த ரோட்டுல வந்தது. நட்சத்திரம் எரியற வீடா பாத்து உள்ள நுழைஞ்சு பாடினாங்க. நம்ம கேட்டுக்கிட்ட வந்ததும் மேளத்த நிறுத்திட்டாங்க. மரியாதை. நம்மள மாதிரி ஆளுங்க வீட்டு முன்னாடி அடிக்கக் கூடாதுன்னு எப்பவும் செய்யறதுதான். பாட்டையும் நிறுத்திட்டு நடந்து போனாங்க. நீங்க உள்ள பைபிள் வாசிச்சுக்கிட்டிருந்தீங்க.

யோஹன்னான்: வாசிக்கல.

சோசாம்மா: என்ன?

யோஹன்னான்: விரிச்சு வச்சிருந்தேன். வாசிக்கல. எல்லாரும் நிறுத்தினதும் ஒரு குரல் மட்டும் நிக்காம... மெதுவா முனகிட்டே போச்சு. அவதான். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? நான்தான் பாட்டு சொல்லிக் குடுத்தேன்.

சோசாம்மா: அச்சாயா...

யோஹன்னான்: விடு.

சோசாம்மா: நட்சத்திரம் தொங்கற வீட்டுக்குள்ள நுழையாம போக அந்தக் கூட்டத்துக்கு வழக்கம் இல்ல. அவங்களோட வர்ற அவளுக்கும் வேற வழி இல்ல. உங்க சொல்லையும் காப்பாத்தின மாதிரி இருக்கும். அதனால சொல்றேன், ஏணியப் புடிக்க மாட்டேன். கழட்டணும்னா என்னத் தள்ளிட்டுத்தான் கழட்டணும்.

ஸ்கறியா: சகோதரா! யோஹன்னான் சகோதரா!

சோசாம்மா: ஸ்கறியாச்சன். எப்பவும் 'யோஹன்னாச்சா'ன்னு வருவாரு. சகோதரான்னா கோவமா இருக்காருன்னு அர்த்தம்.

யோஹன்னான்: வாங்க, உள்ள வாங்க.

ஸ்கறியா: வரேன். கேட்டுக்கு மேல இருக்கறது என்னன்னு முதல்ல சொல்லுங்க.

யோஹன்னான்: நீங்க பாக்கறதுதான்.

ஸ்கறியா: காலையிலேர்ந்து மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. நான் நம்பல. குறும்புக்காரப் பசங்க எவனோ கட்டியிருப்பான், மூப்பர் பாத்திருக்க மாட்டாருன்னு சொன்னேன். அப்படித்தானே?

சோசாம்மா: ஸ்கறியாச்சா, அது வந்து, நான்...

யோஹன்னான்: நான்தான் கட்டினேன்.

சோசாம்மா: அச்சாயா!

யோஹன்னான்: நீ சும்மா இரு. நான்தான் கட்டினேன் ஸ்கறியாச்சா. வேற யார் பேரும் இதுல வர வேணாம்.

ஸ்கறியா: நீங்களா! நாளைக்கு மேடையில ஏறி டிசம்பர் இருபத்தஞ்சப் பத்திப் பேசப் போறவரா!

யோஹன்னான்: ஆமா.

ஸ்கறியா: அப்ப அந்தப் பிரதியெல்லாம் பொய்யா?

யோஹன்னான்: இல்ல. எழுதினத நான் இப்பவும் நம்பறேன். அது அவரோட பிறந்தநாள்னு வேதத்துல இல்ல. யார் கேட்டாலும் சொல்லுவேன். நட்சத்திரத்துக்குக் கீழ நின்னே சொல்லுவேன்.

ஸ்கறியா: நம்பறது ஒண்ணு, செய்யறது ஒண்ணா?

யோஹன்னான்: அது அவரோட பிறந்தநாள் இல்லாம இருக்கலாம். என் மக வீட்டுக்கு வர ஒரு நாள் வேணும். இந்த ஊர்ல அதுக்குன்னு இருக்கறது இந்த ஒரு நாள்தான்.

ஸ்கறியா: யோஹன்னாச்சா... அன்னிக்கு என்ன நடந்ததுன்னு நினைச்சுப் பாருங்க. உங்க மகள சபையிலேர்ந்து விலக்கணும்னு எழுந்து நின்னது யாரு? நானா? நான் பொறுங்கன்னேன். 'என் வீடுங்கறதுக்காக வளையக் கூடாது'ன்னு நீங்கதான் அடிச்சுப் பேசினீங்க.

யோஹன்னான்: பேசினேன்.

ஸ்கறியா: அதுக்கு முன்னாடி என் தங்கச்சி மகன். அவனும் சுறியானிப் பொண்ணத்தான் கட்டினான். கெஞ்சினேன் உங்ககிட்ட. சட்டம் சட்டம்னீங்க. என் தங்கச்சி இன்னிக்கும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. இப்ப உங்க வீட்டுக்குன்னு வந்ததும் மரத்துல நட்சத்திரம் தொங்குது. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

யோஹன்னான்: ...நியாயமான கேள்வி.

ஸ்கறியா: பதில் கேட்டேன்.

யோஹன்னான்: அவனையும் கூப்பிடுங்க. அவன் பொண்டாட்டியையும். ஆட்சேபம் சொன்ன முதல் ஆளு நான்தான், இப்ப நான் சொல்லல.

ஸ்கறியா: மத்த மூப்பருங்க ஒத்துக்க மாட்டாங்க. அதக் கழட்டலன்னா ஞாயித்துக்கிழமை நீங்க அப்பத்துல கை வைக்க முடியாது. பின்னாடி பெஞ்சுல உக்காரணும். உங்க பேர நான்தான் வாசிக்கணும். எனக்கு அது வேணாம் யோஹன்னாச்சா. ஏணி பக்கத்துலயே கிடக்குது. நானே புடிக்கறேன். ஒரு நிமிஷ வேலை.

யோஹன்னான்: ஏணிய விடுங்க.

ஸ்கறியா: பின்னாடி பெஞ்சு உங்களுக்குத் தாங்காது.

யோஹன்னான்: தெரியும். அந்த அப்பம் இல்லாம எனக்கு வாரமே விடியாது. இருந்தாலும் கழட்ட மாட்டேன்.

ஸ்கறியா: இதான் முடிவா?

யோஹன்னான்: இதான். நாளைக்கு நீங்களே பேசிடுங்க. குறிப்பு மேசையில இருக்கு, எடுத்துக்கங்க. ஒரு வரி மட்டும் சேத்துக்கங்க. அந்த ரோமாக்காரன் விஷயத்துல படிச்சவங்க ரெண்டு விதமா சொல்றாங்கன்னு.

ஸ்கறியா: நான் பேசல. தொண்டை கட்டியிருக்கு.

சோசாம்மா: சுக்குக் காப்பி போடட்டுமா ஸ்கறியாச்சா?

ஸ்கறியா: வேணாம் சகோதரி. கரோல்காரங்க வரதுக்குள்ள நான் போகணும். நான் இங்க நிக்கறத யாராவது பாத்தா, நானும் சேந்து கட்டினேன்னுவாங்க. வரேன்.

சோசாம்மா: ...போயிட்டாரு. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போறாரு, பாவம்.

யோஹன்னான்: தங்கச்சி வீட்டுப் பக்கமா போறாரு.

சோசாம்மா: அச்சாயா, நீங்கதான்னு காலையிலயே எனக்குத் தெரியும்.

யோஹன்னான்: என்ன நான்தான்?

சோசாம்மா: நட்சத்திரம் கட்டினது. ஆம்பளைக்கு அதச் சொல்ல வெக்கமா இருக்கும்னுதான், கேட்டதும் நான்தான்னு தலையக் குடுத்தேன். கழட்டப் போறேன்னு நீங்க குதிச்சது கூட நடிப்புன்னு...

யோஹன்னான்: இரு இரு. நீ கட்டலயா?

சோசாம்மா: நான் எங்க கட்டினேன்! என் கை காதுக்கு மேல ஏறுமா? தலை சீவவே ஆள் வேணும்.

யோஹன்னான்: நீ கட்டினன்னு நினைச்சுத்தான ஸ்கறியாகிட்ட நான்தான்னு சொன்னேன்! சபையில உன் பேரு வரக் கூடாதுன்னு...

சோசாம்மா: அப்ப நீங்களும் கட்டல?

யோஹன்னான்: இந்த முட்டோட மரம் ஏறுவனா?

சோசாம்மா: அய்யோ. ரெண்டு பேரும் புளுகியிருக்கோம்.

யோஹன்னான்: அதுவும் ஒரு மூப்பர்கிட்ட.

சோசாம்மா: அப்ப யாரு?

யோஹன்னான்: ஸ்கறியா சொன்ன மாதிரி குறும்புக்காரப் பசங்களா?

சோசாம்மா: இப்ப அவுத்துடுவீங்களா? சொல்லுங்க. கேக்குதா? மேளம். பாலத்தத் தாண்டிட்டாங்க.

யோஹன்னான்: கேக்குது.

சோசாம்மா: இருட்டிப்போச்சு. பாருங்க, இது எரியவே இல்ல. எரியாத நட்சத்திரம் யாரு கண்ணுல படும்? மேளத்த நிறுத்திட்டு நடந்துருவாங்க, போன வருஷம் மாதிரி.

யோஹன்னான்: ஒயர் இருக்கே. இங்க பாரு, சுத்தி ஒழுங்கா மதில் மேல வச்சிருக்கு.

சோசாம்மா: உள்ள பல்பு இல்ல. வெறும் ஹோல்டர்தான்.

யோஹன்னான்: கடைக்குப் போக நேரம் இல்ல. என் மேசை விளக்கு பல்பக் கழட்டிக் கொண்டா.

சோசாம்மா: பிரதி எழுதற மேசையா?

யோஹன்னான்: ஆமா, அதுதான். நிக்காத, ஓடு! வராந்தாவுலேர்ந்து அந்த நீள ஒயரையும் இழுத்துட்டு வா.

சோசாம்மா: வரேன், வரேன்... இந்தாங்க. சூடா இருக்கு, துண்டால புடிங்க.

யோஹன்னான்: ஏணியப் புடி.

சோசாம்மா: புடிச்சிருக்கேன்.

யோஹன்னான்: கெட்டியா.

சோசாம்மா: கெட்டியாத்தான். முட்டு வலி?

யோஹன்னான்: இருக்கட்டும். நல்ல முடிச்சு போட்டிருக்கான், எவனோ... ரெட்டை முடிச்சு. ம்... மாட்டியாச்சு. சுவிட்சப் போடு.

சோசாம்மா: போட்டேன்.

யோஹன்னான்: எரியலயே!

சோசாம்மா: திருகுங்க நல்லா.

யோஹன்னான்: ...ஆ.

சோசாம்மா: கர்த்தாவே. உங்க வெள்ளச் சட்டையெல்லாம் சிவப்பு.

யோஹன்னான்: இறங்கறேன், புடி. எங்க வந்துட்டாங்க?

சோசாம்மா: வளைவுல. இதோ... அச்சாயா, மேளத்த நிறுத்திட்டாங்க.

யோஹன்னான்: எதுக்கு நிறுத்தறாங்க?

சோசாம்மா: பழக்கம். நம்ம கேட்டுன்னு பழக்கதோஷத்துல... நடந்து போகப் போறாங்க. கூப்பிடுங்க!

யோஹன்னான்: நானா?

சோசாம்மா: நீங்க சொன்ன சொல்லு. நீங்கதான் கூப்பிடணும்.

யோஹன்னான்: ஏய்... ஏய் பிள்ளைங்களா! ஏன் நிறுத்திட்டீங்க? அடிங்க மேளத்த! நட்சத்திரம் எரியறது கண்ணுக்குத் தெரியலயா?

பெர்சிஸ்: தெரியுது அப்பச்சா.

சோசாம்மா: மோளே...

யோஹன்னான்: அங்கயே நிக்காத. உள்ள வா. நட்சத்திரம் தொங்கற அன்னிக்கு வான்னு சொன்னேன்ல? தொங்குது பாரு. எந்தப் புண்ணியவான் கட்டினான்னு தெரியல, ஆனா தொங்குது. வா.

பெர்சிஸ்: நான்தான் அப்பச்சா கட்டினேன். நேத்து நீங்க தூங்கினதுக்கப்புறம் மதில்ல ஏறி நின்னு, உள்ள கால் வைக்காமக் கட்டினேன். நானே கட்டிட்டு நானே உள்ள வந்தா அது நீங்க கூப்பிட்ட மாதிரி ஆகாதுல்ல... அதான் பல்பு மட்டும் போடாம விட்டுட்டுப் போனேன்.